வேகத்துக்கும் ஒரு வேலி வேண்டும்

இளமைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நம் பாட்டனார் காலத்தில் மாட்டு வண்டி பூட்டிப் பந்தயம் விட்டார்கள். நம் தந்தையர் வாடகை சைக்கிளில் முந்தினார்கள். நாம் மோட்டார் சைக்கிளில் முந்துகிறோம். வாகனம் மாறியது, வயது மாறவில்லை. ஆகவே, "இளைஞர்களே, வேகத்தைக் கைவிடுங்கள்" என்று அறிவுரை கூற நான் இங்கு வரவில்லை. அந்த அறிவுரையைக் கேட்டுக் கேட்டு நம் காதுகள் புளித்துவிட்டன. வேகத்துக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குச் சில விதிகள் வேண்டும். அந்த விதிகளில் ஏழை வீட்டுப் பிள்ளை நுழைவதற்கும் ஒரு வாசல் வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

எழுதத் தூண்டியவர் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, அய்யலூரிலிருந்து வடமதுரை வரை நண்பர்களோடு திருச்சி நெடுஞ்சாலையில் பந்தயம் போட்டார். பந்தயப் பணம் ஐந்நூறு ரூபாய். பின்விளக்கு இல்லாமல் சாலை ஓரத்தில் நின்ற டிராக்டர் டிரெய்லரில் போய் மோதினார். உயிர் பிழைத்தது ஊர்ப் பெருமாள் சௌந்தரராஜரின் புண்ணியம் என்கிறார் பெரியம்மா. வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்று பார்க்க வேண்டிய மில் வேலை போய்விட்டது.

பிறகு ஒருநாள் கணக்குப் பார்த்தோம். அந்த ஆண்டில் மட்டும் வண்டியின் இஞ்சினுக்கு அவர் ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவழித்திருந்தார். ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷன் ஏற்றினார், பெரிய பிஸ்டன் போட்டார், வேறொரு வண்டியின் கார்புரேட்டரை மாட்டினார். அன்றிரவு அவர் தலையில் இருந்த ஹெல்மெட்டின் விலை 600 ரூபாய். கையுறை இல்லை. காலில் ரப்பர் செருப்பு.

தோழர்களே, இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விதியில்லாத பந்தயத்தில் பணம் முழுவதும் இஞ்சினுக்கே போகிறது, உடம்புக்கு வருவதில்லை. இஞ்சினுக்குப் போகும் வழியை அடைத்து, உடம்புக்கு வரும் வழியைத் திறந்துவிடுவதே நல்ல பந்தய விதியின் வேலை. நான் இங்கே கூறப்போகும் அத்தனை விதிகளும் இந்த ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவைதாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயம் விடுவதைக் குற்றம் என்கிறது. 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பின், முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். மறுமுறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அபராதம் 10,000 வரை. சட்டம் நியாயமானது. சாலை என்பது கீரைக்கட்டோடு சந்தைக்குப் போகும் அம்மாவுக்கும் சொந்தம். ஆனால் "இங்கே ஓட்டாதே" என்று சொல்லும் நாம் "அங்கே ஓட்டு" என்று காட்ட ஓர் இடம் வைத்திருக்கிறோமா?

இடம் இல்லாமலில்லை. மோட்டார் பந்தயத்தில் தமிழ்நாடு பழம் பெருமை உடையது. 1953-இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனச் சொந்தமாகவே ஒரு தடம் அமைத்தது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையிலேயே இரவில் விளக்குப் போட்டு பார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்தது. நம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே முன்னின்று நடத்தியது. பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் அந்தக் காரின் ஒரு சக்கரத்தை வாங்கவும் நம் வீட்டில் வசதியில்லை. தடம் இருக்கிறது, நமக்கு ஏற்ற பிரிவுதான் இல்லை.

எளியவனுக்கும் ஒரு பிரிவு

எளியவனுக்கென ஒரு பிரிவு உண்டாக்கினால் என்ன விளையும் என்பதற்கு நம் கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் இஞ்சினை வைத்துச் சிறு பந்தயக் கார்களைக் கட்டினார். பார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். தெருவில் ஓடும் இஞ்சின், பட்டறையில் கிடைக்கும் உதிரிப்பாகம், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வண்டி. நரேன் கார்த்திகேயன் தம் தொடக்க காலத்தில் ஓட்டியது அந்தப் பார்முலா மாருதியைத்தான். 2005-இல் அவரே பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரைத்தான் அந்தச் செட்டிப்பாளையம் தடம் தாங்கி நிற்கிறது. கார்த்திகேயன் ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர் என்பது எனக்குத் தெரியும். ஆயினும், ஏணியின் கீழ்ப்படியைத் தாழ்வாக அமைத்தால் ஏறுகிறவர்கள் பெருகுவார்கள் என்பதை எவர் மறுக்க முடியும்?

பிரிவு வகுப்பது நமக்குப் புதிய கலையும் அன்று. நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயங்களைப் பாருங்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று மாட்டின் வயதையும் உருவத்தையும் பார்த்துப் பிரித்து ஓட விடுகிறார்கள். தட்டான்சிட்டுக் கன்றைப் பெரிய மாட்டோடு பூட்டினால் ஊரே சிரிக்கும். கிராமத்துக் கபடிப் போட்டியில் தராசு வைத்து எடை பார்த்த பிறகுதான் களத்தில் இறக்குகிறார்கள். இவ்வளவு நுட்பமாக மாட்டுக்கும் மனிதனுக்கும் விதி வகுக்கத் தெரிந்த நமக்கு, மோட்டார் சைக்கிளுக்கு வகுக்கத் தெரியாதா?

என் முன்மொழிவு

நம் ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நிற்கும் வண்டி எது? 100 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டி. 1985-இல் வந்த சி.டி. 100-ம் 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டரும் நம் மக்களின் வண்டிகள். பால்காரரும் பள்ளி ஆசிரியரும் அதில்தான் போகிறார்கள். அந்த இஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் நம் மாவட்டத்திலேயே இருக்க மாட்டார். ஆகவே நம் தட்டான்சிட்டுப் பிரிவு அந்த வண்டிக்கே உரியதாகட்டும்.

முதல் விதி: ஒரே குடும்பத்து இஞ்சின். 97.2 சி.சி., கார்புரேட்டர் உள்ளது, 2020 ஏப்ரலுக்கு முன் வந்தது. அந்த மாதத்தில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் வண்டிகளில் எரிபொருளைக் கணினி தெளிக்கிறது. கணினிக்குள் செய்யும் களவு கண்ணுக்குத் தெரியாது. கார்புரேட்டரில் செய்யும் களவைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாம் விதி: மாற்றக் கூடியவை எவை என்பதை மட்டும் எழுத வேண்டும், எழுதாத எதையும் மாற்றக் கூடாது. "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று நூறு தடை எழுதினால் நூற்றோராவது தந்திரத்தை ஒருவன் கண்டுபிடிப்பான். செயின் ஸ்பிராக்கெட், ஹேண்டில்பார், பிரேக் கட்டை, கால் வைக்கும் கம்பி ஆகிய நான்கோடு போதும். நான்கும் மலிவானவை.

மூன்றாம் விதி: ஒரு பருவத்துக்கு ஒரே ஜோடி டயர், கடையில் கிடைக்கும் சாதாரணச் சாலை டயர். வசதியுள்ளவன் பந்தயத்துக்கு ஒரு புது டயர் மாட்டினால் இல்லாதவன் முதல் வளைவிலேயே தோற்றுவிடுவான்.

நான்காம் விதி: வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து இவ்வளவு எடைக்குக் குறையக் கூடாது. ஏறத்தாழ எட்டுக் குதிரைத் திறனே உள்ள இஞ்சினில் பத்துக் கிலோ எடை பெரிய வேறுபாடு. இந்த விதி இல்லையேல் பிள்ளைகள் பட்டினி கிடந்து பந்தயத்துக்கு வருவார்கள்.

ஐந்தாம் விதியே உயிர்நாடி. முதல் மூன்று இடங்களில் வருபவரின் இஞ்சினை, அதே பந்தயத்தை முடித்த வேறு எவர் கேட்டாலும், முன்பே குறித்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். என் கணக்கில் 12,000 ரூபாய். கொடுக்க மறுத்தால் வெற்றி செல்லாது. அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களில் இப்படி ஒரு வகை உண்டு. ஓடும் குதிரையை அறிவித்த விலைக்கு எவரும் கேட்டு வாங்கலாம். ஆகவே விலை உயர்ந்த குதிரையை அங்கே ஒருவரும் இறக்க மாட்டார். 2012-இல் உலக மோட்டோ ஜி.பி. பந்தயத்திலேயே, சிறு அணிகளின் இஞ்சினைப் பெரிய கம்பெனிகள் 20,000 யூரோவுக்குக் கேட்டு வாங்கலாம் என்று விதி இருந்தது. இதன் அழகைப் பாருங்கள்! ஒருவன் ஊரறியாமல் 50,000 ரூபாயை இஞ்சினில் கொட்டினால், மாலையில் அதை 12,000-க்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். போலீசு தேவையில்லை, அவன் பேராசையே அவனைத் தடுக்கும்.

சோதிப்பது யார்?

இந்த விதிகளை எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு முழுவதும் படித்தார்.

"ரூல்சு போடுறது லேசு தம்பி. யாரு செக் பண்றது? நானே நாலு வகையில ஏமாத்திக் காட்டுவேன், பாக்குறியா?"

"காட்டுங்கண்ணே" என்றேன். காட்டினார். ஒரு மணி நேரத்தில் நான் கற்றது ஓராண்டுப் பாடத்துக்குச் சமம். வெளியே பார்த்தால் அதே இஞ்சின். உள்ளே பெரிய பிஸ்டன். என் அண்ணன் வண்டிக்கு ஹெட்டை இழைத்துக் கொடுத்தவரும் இவர்தாம். அதை அவர் மறைக்கவில்லை. "கேட்டான், செஞ்சு குடுத்தேன். ஒரு நல்ல ஹெல்மெட்டு வாங்குடான்னு அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

அவர் கேள்விக்கு விடை நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் கிடைத்தது. அந்த இஞ்சினின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 49.5 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் கணக்கிட்டால் 97.2 சி.சி. வரும். விட்டத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டரைக் கூட்டுங்கள், 101 சி.சி. ஆகிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க நாம் முதலாமாண்டில் தூக்கித் திரிந்த வெர்னியர் காலிப்பர் போதும். பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று வண்டிகளின் ஹெட்டைத் திறந்து, எல்லோர் கண்முன்னும் அளந்துவிடலாம். கம்ப்ரஷன் பார்க்கும் கேஜ் பட்டறையிலேயே இருக்கிறது. கைக்கருவியால் மைதானத்திலேயே சோதிக்க முடியாத விதியை எழுதவே கூடாது என்பது அன்று நான் கற்ற பாடம்.

அதற்கும் மேலே ஐயம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 1981-இல் இங்கிலாந்தில் யமஹா நிறுவனம் ஒரே மாதிரி 350 சி.சி. வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, சாவிகளைத் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னது. எந்தச் சாவி கையில் வருகிறதோ அந்த வண்டி. பட்டறையின் போட்டி ஓட்டுபவரின் போட்டியாக மாறியது. ஐந்து கல்லூரிகள் சேர்ந்து பத்து வண்டிகளைப் பொதுவில் வைத்தால் நம்மாலும் இது முடியும்.

உடம்புக்கு உரிய விதிகள்

இதுவரை சொன்னவை இஞ்சினுக்குப் போகும் பணத்தைத் தடுக்கும் விதிகள். மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும்? முழு முகம் மூடும் தரமான ஹெல்மெட், தோல் உடை, முதுகுக் காப்பு, கையுறை, கணுக்கால் மூடும் பூட்சு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் தடத்தில் இறங்கக் கூடாது. இதில் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தோல் உடையின் விலை வண்டியின் விலையோடு போட்டி போடும் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. என்.சி.சி. மாணவன் சீருடையை ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கித் திரும்ப ஒப்படைப்பதில்லையா? அதுபோல் உடைகள் பொதுவில் இருக்கட்டும்; பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஓடவிட்டால் பத்து உடைகளில் முப்பது பேர் ஓடலாம். ஹெல்மெட் மட்டும் அவரவர் சொந்தம்.

கண்ணாடி, விளக்கு, ஸ்டாண்டு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஆயில் போல்ட்டைக் கம்பியால் கட்டிப் பூட்ட வேண்டும். வளைவில் சிந்தும் ஒரு கரண்டி எண்ணெய் பின்னால் வரும் ஐந்து பேரை வீழ்த்தும். மருத்துவரும் ஆம்புலன்சும் வராமல் கொடி அசையக் கூடாது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் இல்லாமல் எவரும் ஓடக் கூடாது.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து உயிரிழந்தான். தடம், உரிமம், மருத்துவர் எல்லாம் இருந்தும் நேர்ந்த மரணம் அது. தடத்துக்குப் போனால் ஆபத்தே இல்லை என்று எவர் கூறினாலும் நம்பாதீர்கள். எதிரே லாரி வராது, குறுக்கே ஆடு ஓடாது, விழுந்தால் தூக்க ஆள் இருக்கும். தடம் தரும் உறுதி அவ்வளவே. அந்த அளவேனும் என் அண்ணனுக்குக் கிடைத்திருக்கலாம்.

இரண்டு எதிர்ப்புகள்

"படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பந்தயம் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். ஐயா, பந்தயம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு நெடுஞ்சாலையில் நடக்கிறது. நடப்பதா வேண்டாமா என்பதன்று கேள்வி. எங்கே, எந்த விதியோடு என்பதே கேள்வி.

"தடத்தில் ஓட்டிப் பழகியவன் சாலையிலும் அப்படியே ஓட்ட மாட்டானா?" என்று என் தந்தையே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன். சாலைப் பந்தயத்தில் பிடிபட்டவருக்கு அந்தப் பருவம் முழுவதும் தடத்தில் இடமில்லை. ஆண்டுக்கு நான்கே பந்தயம். ஒன்றை இழப்பதும் பெரிய இழப்பு. அபராதச் சீட்டுக்கு அஞ்சாதவனும் ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டால் அஞ்சுவான். இதனால் சாலைப் பந்தயம் அடியோடு ஒழியும் என்று நான் கூறவில்லை. குறையும் என்று நம்புகிறேன்.

என் வேண்டுகோள்

வடமதுரையிலிருந்து கோவைத் தடம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு லாரியில் பத்து வண்டிகளை ஏற்றிப் போனால் தலைக்கு ஆகும் செலவு பெரிதன்று. திண்டுக்கல் மாவட்டக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு மோட்டார் விளையாட்டு மன்றம் காண வேண்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பொதுவில் பத்துத் தோல் உடைகளும் ஆண்டுக்கு நான்கு நாள் தடத்தின் வாடகையும் தந்து உதவ வேண்டும். கார்ப் பந்தயத்துக்கு நகரச் சாலையையே ஒதுக்கிக் கொடுத்த கைகளுக்கு இது சிறு உதவி. ரொக்கப் பரிசு வேண்டாம். ஒரு செயின் ஸ்பிராக்கெட்டும் ஒரு டப்பா ஆயிலும் போதும். ரொக்கம் வந்தால் இஞ்சினுக்குப் பணம் மீண்டும் வரும்.

மெக்கானிக் அண்ணன் தலைமைச் சோதனையாளராக வரச் சம்மதித்துவிட்டார். ஏமாற்றத் தெரிந்தவரைவிடச் சிறந்த காவலர் எவர்? அவருக்கு உதவியாளராக இருக்க என் அண்ணனும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரால் இனி நெடுநேரம் நிற்க முடியாது. ஆனால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தால், வெர்னியர் காலிப்பரைக் கையில் பிடித்து அந்த ஒரு மில்லிமீட்டரை அளந்து சொல்வார்.

– மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்